திருப்பிப் போட்ட தகடு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது ஜோசலின் டீச்சர். முதல் தாளில் இப்படித்தான் ஆரம்பித்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என் டூல்ஸ் பெட்டியில், சிகரெட் அட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு இரும்புத் தகடு. சவர பிளேடைவிடக் கொஞ்சம் தடிமன். எட்டு மாதமாக அதை யாருக்கும் காட்டவில்லை.

டீச்சர் சொன்னது இதுதான். மாடம்பாக்கத்தில் ஒரு சர்ச் ஹாலில் சனிக்கிழமை மத்தியானம் எங்களுக்கு எழுத்து வகுப்பு. எங்களுக்கு என்றால், வயசு போனபிறகு எழுதப் படிக்க வந்த பதினோரு பேர். டீச்சருக்கு இருபத்தொன்பது வயது, எனக்கு ஐம்பத்திரண்டு. வருஷக் கடைசியில் கையெழுத்துப் புத்தகம் ஒன்று போடலாம், ஆளுக்கு ஒரு கதை கொடுங்கள், நன்றாகத் தெரிந்த விஷயத்தை எழுதுங்கள் என்றார். லோகநாயகி அக்கா ரேஷன் கடை வரிசையைப் பற்றி எழுதுகிறேன் என்றார். நான் ரீடு வால்வு பற்றி எழுதுகிறேன் என்றேன். அது என்ன அண்ணா என்று டீச்சர் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

என் பேர் தணிகாசலம். வீடு பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏழாவது மாடி. வேலை இரும்புலியூரில், லாசரஸ் சார் பட்டறையில், பதினெட்டு வருஷமாக. டூ ஸ்ட்ரோக் என்ஜின் மட்டும் பார்க்கிற பட்டறை. பழைய பைக், புல் வெட்டுகிற மெஷின், மீன் படகுக்குப் பின்னால் மாட்டுகிற என்ஜின்.

கதை சொல்கிறவன் பேரையும் வீட்டையும் சொல்லிவிட்டால் படிக்கிறவர்கள் நம்பிவிடுகிறார்கள். அதற்காகத்தான் நானும் சொன்னேன். நீங்கள் உடனே நம்ப வேண்டாம்.

2

மூன்று தொடக்கம் எழுதினேன்.

ஒன்று: "காலேப் கவனம் இல்லாத மெக்கானிக்." அடித்துவிட்டேன். எங்கள் பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவன், அவன் அப்படி இல்லை. ஸ்க்ரூ ஒன்று கீழே விழுந்தால் கிடைக்கிறவரை மேலே பார்க்கமாட்டான்.

இரண்டு: "வடிவேலுவின் படகு கரையிலிருந்து நூறடியில் கவிழ்ந்தபோது நான் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்." இது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால் சந்தேகம் வந்தது. அந்த நேரம் நான் டீ குடித்தேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? டீ குடிக்கிறவன்மேல் யாரும் பழி போடமாட்டார்கள் என்று கை தானாக எழுதியிருக்கிறது.

மூன்று: "ரீடு வால்வு என்பது". அதோடு நின்றுவிட்டது. முடியாத வாக்கியம் பொய்யாக இருக்க முடியாது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ரீடு வால்வு என்பது டூ ஸ்ட்ரோக் என்ஜினின் மூக்கு.*

(* டீச்சர் இதன் பக்கத்தில் பென்சிலால் 'அருமை' என்று எழுதினார். 'அருமை' விழுந்த வரிகளைப் பிறகு நான் அடித்துக்கொண்டே வந்தேன். யாராவது மெச்சினால் அந்த இடத்தில் எதையோ மறைத்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. இந்த ஒரு வரி மட்டும் தப்பித்தது.)

பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே கிராங்க் கேஸ் என்கிற அறைக்குள் உறிஞ்சல் உண்டாகும். கார்புரேட்டரிலிருந்து காற்றும் எண்ணெயும் கலந்து உள்ளே வரும். பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை வந்த வழியிலேயே திரும்பி ஓடப் பார்க்கும். அதை விடக்கூடாது. அதற்காகக் கூரை மாதிரி சரிந்த ஒரு அலுமினிய பிளாக். இரண்டு சரிவிலும் ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலையும் மூடி ஒரு மெல்லிய தகடு, அதுதான் ரீடு. தகட்டின் ஒரு முனை ஸ்க்ரூவில் இறுகியிருக்கும், மறுமுனை சும்மா இருக்கும். உறிஞ்சினால் வளைந்து வழிவிடும். உறிஞ்சல் நின்றால் படுத்து ஜன்னலை அடைக்கும். யாரும் திறந்துவிட வேண்டாம், யாரும் மூட வேண்டாம். நிமிஷத்துக்கு ஐயாயிரம் தரம். தகட்டுக்கு மேலே வளைந்த பட்டை ஒன்று உண்டு, அதற்கு ஸ்டாப்பர் என்று பேர். இதற்குமேல் வளையாதே என்று தகட்டைத் தடுப்பது அதன் வேலை.

இந்தக் கதைக்கு இன்னும் ஒரே ஒரு நுணுக்கம்தான் வேண்டும். வருஷக்கணக்கில் ஓடிய தகடு ஒரு பக்கமாக வளைந்து பழகிவிடும். படுத்தாலும் முழுசாக அடைக்காது. நுனியில் நகம் போகிற சந்து விடும். என்ஜின் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும். புதுத் தகடு போட வேண்டும். புதுசு கையில் இல்லையென்றால் எங்களைப் போன்றவர்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. தகட்டைக் கழற்றித் திருப்பிப் போடுவது. வளைவு உள்பக்கமாக வந்துவிடும், ஜன்னலில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். முதல் இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். வண்டிக்காரன் கும்பிடு போட்டுவிட்டுப் போவான்.

ஆனால் ஒரு பக்கம் வளைந்து பழகிய இரும்பை எதிர்ப்பக்கம் வளைத்தால் என்ன ஆகும் என்று கம்பி ஒடித்த எவனுக்கும் தெரியும். சில மாதத்தில் அடியில் வெடிப்பு விடும். ஒரு நாள் ஒடியும். ஒடிந்த துண்டை என்ஜின் உள்ளே இழுத்து விழுங்கும். விழுங்கிய இடத்திலேயே நிற்கும்.

எங்கள் பட்டறையில் திருப்பிப் போடக் கூடாது. லாசரஸ் சார் வாயால் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். சிலுவைக் காலண்டருக்குக் கீழே பெரிதாக எழுதியும் ஒட்டியிருக்கிறார். பதினான்கு வருஷம் அதை நான் ஒரு பைபிள் வசனம் என்று நினைத்து, விளக்கேற்றும் நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். எழுத்து வந்தபிறகு படித்துப் பார்த்தால், 'ரீடு திருப்பாதே'.

(இன்னொன்று. பின்னால் வந்த சில மாடல்களில் தகட்டின் ஒரு மூலையை வெட்டியே அனுப்புகிறார்கள். திருப்பிப் போட்டால் வெட்டு இடம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அதை வரைந்த ஆள் என்னைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் என்னை நம்பவில்லை. நல்ல டிசைன் என்று நான் அதைத்தான் சொல்வேன். இந்தக் கதையில் வருகிற தகடு பழைய மாடல். நாலு மூலையும் ஒரே மாதிரி.)

4

நடந்தது.

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் மகேஷ் ஒரு சிமெண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரன். பைக்குள் இரண்டு ரீடு பிளாக். ஒன்று அதே குப்பத்து வடிவேலு படகினுடையது, அடையாளத்துக்குச் செம்புக் கம்பி கட்டியிருந்தது. இன்னொன்று அங்காளம்மா படகினுடையது, வலை நூல் கட்டியிருந்தது. அங்காளம்மா மகேஷின் மாமியார். கேம்ப் ரோடு முனையில் மீன் விற்கிறவர். படகு அவருடையது, ஓட்டுவது மகேஷ்.

இரண்டிலும் தகடு வளைந்திருந்தது. புதுத் தகடு திங்கட்கிழமைதான் வரும். குப்பத்தில் நெத்திலி கொட்டுகிறது, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று மகேஷ் வாசலிலேயே குந்திக்கொண்டான். லாசரஸ் சார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போனில் கேட்டதற்கு, பழைய டப்பாவில் தேடி நேராக இருக்கிற தகடாகப் பொறுக்கிப் போடுங்கள் என்றார்.

அந்த டப்பாவில் ஐந்நூறு தகடாவது கிடக்கும். ஒவ்வொன்றாகக் கண்ணாடிமேல் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பிளாக்குக்கு நாலு தகடு கிடைக்க இரண்டு மணி நேரம் ஆகும். பெஞ்சுக்கு அந்தக் கோடியில் காலேப், இந்தக் கோடியில் நான். ஆளுக்கு ஒரு பிளாக்.

நான் திருப்பிப் போட்டேன்.

முதுகு வலி, வெயில், பஸ்ஸில் நின்றபடி வந்தது என்று இந்த இடத்தில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். நாலு தகட்டையும் திருப்பிப் போட்டேன், பத்து நிமிஷத்தில் முடிந்தது.

காலேப் என்ன செய்தான் என்று நான் பார்க்கவில்லை. ஒரு தாளில் 'அவன் பக்கம் டப்பா சத்தம் கேட்டது' என்று எழுதியிருக்கிறேன். இன்னொரு தாளில் 'டப்பா சத்தமே கேட்கவில்லை' என்று இருக்கிறது. இரண்டும் என் கையெழுத்து. நான் எடுத்தது செம்புக் கம்பியா வலை நூலா என்பதும் இப்படித்தான். எழுத எழுத மாறுகிறது. எந்தத் தாளில் எனக்கு யார்மேல் கோபமோ அதற்குத் தகுந்த மாதிரி மாறுகிறது.

வேலை முடிந்தால் ஸ்க்ரூ தலையில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பது எங்கள் பட்டறை வழக்கம். ஸ்க்ரூ தளராது. யார் போட்டது என்றும் தெரியும். எனக்குச் சிவப்பு. காலேபுக்குப் பச்சை. அவன் பெண்டாட்டி ஜெரூஷா ஒரு தரம் பூசிப் பார்த்துவிட்டு, பாசி பிடித்த மாதிரி இருக்கிறது என்று தூக்கிப் போட்ட பாட்டில். அன்றைக்கு என் சிவப்பு காய்ந்து கல்லாகிவிட்டது. காலேப் தன்னுடையதை நீட்டினான்.

"இந்தாண்ணா. இன்னிக்கி நீயும் பச்சை."

வைத்தேன். இரண்டு பிளாக்கிலும் பச்சை.

5

தை மாசக் கடைசியில் வடிவேலு மீனோடு கரைக்கு வந்துகொண்டிருந்தபோது, அலை உடைகிற இடத்தில் என்ஜின் நின்றது. அடுத்த அலை படகைக் குறுக்கே பிடித்துப் புரட்டியது. கூட இருந்தவன் நீந்தி வந்துவிட்டான். வடிவேலுவின் வலது தோள் படகின் விளிம்புக்கும் மணலுக்கும் நடுவில் மாட்டியது. இரண்டு இடத்தில் முறிவு. கட்டுப் பிரித்தும் கை தோளுக்குமேல் எழும்பவில்லை. வலை இழுக்கிற கை. இப்போது கரையில் உட்கார்ந்து அடுத்தவர் வலைக்குச் சிக்கெடுக்கிறான் என்று மகேஷ் சொன்னான்.

லாசரஸ் சார் பிளாக்கைக் கழற்றினார். மூன்று தகடு இருந்தது, நாலாவது அடியோடு ஒடிந்திருந்தது. மிச்சத் தகட்டை லென்ஸில் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் தட்டித் தட்டித் தகட்டில் சாம்பல் நிறமாக ஒரு கோடு விழும். திருப்பாத தகட்டில் ஒரு பக்கம்தான் கோடு. திருப்பியதில் இரண்டு பக்கமும். ஒரு மாதம் ஓடினாலே போதும், மங்கலாக விழுந்துவிடும். மூன்றிலும் இரண்டு பக்கமும் கோடு.

ஸ்க்ரூவில் பச்சைப் பொட்டு.

"இது உன் பொட்டுதானே?" என்று காலேபைக் கேட்டார்.

"பச்சை என்னுதுதான் சார். நான் திருப்பல."

"அப்ப பொட்டு தானா வந்து ஒட்டிக்கிச்சா?"

பாட்டிலை எனக்குக் கொடுத்ததைக் காலேப் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் கிரைண்டர் பக்கத்தில் நின்றேன். கிரைண்டர் ஓடவில்லை. ஓடியிருந்தால், காதில் விழவில்லை என்று எழுதியிருப்பேன்.

அன்றைக்கே அவன் போய்விட்டான். லாசரஸ் சார் கத்தவில்லை. உன் கையால் மாட்டினதை நம்பி இனிமேல் நான் ஒரு படகை அனுப்ப முடியாது என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சு தாம்பரத்திலிருந்து கடற்கரை வரைக்கும் போய்விட்டது. எந்தப் பட்டறையிலும் அவனைச் சேர்க்கவில்லை. இப்போது ஸ்கூட்டரில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறான்.

மேஜையில் கிடந்த மூன்றில் ஒரு தகட்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று எழுத ஐந்து தரம் முயன்றேன். "ஏனென்றால்

6

எட்டு மாதமும் எனக்குள் ஒரு கதை இருந்தது. ஒடிந்தது காலேப் போட்டது, அவனும் திருப்பித்தான் போட்டிருக்கிறான், என்னுடையது அந்த இன்னொன்று. சந்தே இல்லாமல் அடைத்துக்கொள்கிற கதை. அதைத்தான் டீச்சருக்கு எழுதிக் கொடுத்தேன். காலேபுக்கு என் முதுகு வலியைக் கொடுத்தேன். பஸ்ஸில் நிற்கவும் வைத்தேன். நானும் ஒரு பிளாக்கில் திருப்பினேன் என்பதை ஓரத்தில், அடைப்புக்குறிக்குள், சின்ன எழுத்தில் போட்டேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதை யாரும் படிக்கமாட்டார்கள் என்று எனக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.

டீச்சர் இரண்டு தரம் படித்தார். ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி ஒரு தரம்.

"அண்ணா, ஒரு சந்தேகம். உங்க கதைப்படி நீங்க திருப்பிப் போட்டது அங்காளம்மா என்ஜின்ல இருக்கு. அதுவும் ஒடியும்னு உங்களுக்குத் தெரியும். எட்டு மாசமா ஏன் போய்ப் பார்க்கலை?"

அந்தப் படகு ஓடவில்லை என்றேன். கார்த்திகை மழையில் அடிப்பாகம் பிளந்து மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. என்ஜினைத் தார்ப்பாயில் சுற்றி வீட்டில் வைத்திருக்கிறார்கள். மகேஷ் வேறு படகில் போகிறான்.

"ஓடலைங்கறதுக்காகப் போகலையா? இல்ல, அதுல திருப்பின தகடு இருக்காதுன்னு உங்களுக்கே தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண்ணை யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று தோன்றியது. காலேபைத் தெரியுமா, சர்ச்சில் பார்த்துப் பேசினீர்களா என்று கேட்டேன். எல்லாரும் ஒரே கோயில்காரர்கள்தானே என்றும் சொன்னேன். டீச்சர் சிரித்துவிட்டார்.

"நான் சி.எஸ்.ஐ. நீங்க எழுதினபடி அவர் பெந்தெகொஸ்தே. எங்க தாத்தா செத்ததுக்கே பெந்தெகொஸ்தே சித்தப்பா வாசல் வரைக்கும்தான் வந்தாரு அண்ணா."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். இந்தத் தரம் அதில் 'அருமை' எங்கேயும் இல்லை.

அந்த வாரமே மகேஷ் ஸ்பார்க் பிளக் வாங்கப் பட்டறைக்கு வந்தான். படகுக்கு ஃபைபர் ஒட்டியாயிற்று, வர்ற திங்கட்கிழமை காலையில் இறக்குகிறோம் என்றான். நல்லது என்றேன். என் வாய்தான் சொன்னது.

7

வெள்ளிக்கிழமை காலேபைத் தேடிப் போனேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரியாணிக் கடை வாசலில், ஆர்டருக்காக நிற்கிற பத்து ஸ்கூட்டரில் ஒன்று அவனுடையது. என்னைப் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றினான். என்ன பேசுவது என்று தெரியாமல் கதையை நீட்டினேன். சீட்டின்மேல் தாளை வைத்து, பறக்காமல் இருக்க மேலே போனை வைத்து, முழுசாகப் படித்தான்.

"பேர் கூட மாத்தலையே."

மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"மாத்தாத. மாத்தினா நாளைக்கி வேற எவனையோ எழுதினேன்னு சொல்லுவ." தாளை மடித்தான். "எய்தப் படிக்கத் தெரியாதப்ப நீ இவ்ளோ பொய் சொன்னதில்லண்ணா."

பாட்டில் கொடுத்ததை அன்றைக்கு ஏன் சாரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எதையும் திருப்பவில்லை. நீயே சொல்லுவாய் என்று ஒரு நாள் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் ஜெரூஷா, அந்த அண்ணன் வரமாட்டார், வேற வேலை பாரு என்றாள். பார்த்தேன். அவ்வளவுதான்.

"நீ திருப்பினியா இல்லியா? அத மட்டும் சொல்லு" என்றேன்.

"சொன்னா நம்புவியா?"

என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

"அப்ப கயட்டிப் பாரு" என்றான். ஆர்டர் வந்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

குற்றம் செய்யாதவன் இப்படிப் பேசுவானா? செய்தவன்தான் இப்படிப் பேசுவானா? இரண்டு காலேபையும் எழுதிப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி ஹெல்மெட்டை மாட்டினார்கள்.

8

முடிவுகள்.

முதல் முடிவு. அங்காளம்மா பிளாக்கைக் கழற்றுகிறேன். தகட்டில் இரண்டு பக்கமும் கோடு. அப்படியென்றால் நாங்கள் இரண்டு பேருமே திருப்பியிருக்கிறோம். வடிவேலு தோளை முறித்தது எவன் தகடு என்று கடைசிவரைக்கும் தெரியாது. காலேப் லாசரஸ் சாரிடம் பொய் சொன்னவன் ஆகிறான். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறேன். (இந்த நிம்மதியை எழுதும்போது பேனா மிக வேகமாக ஓடியது. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது முடிவு. ஒரு பக்கம்தான் கோடு. காலேப் இரண்டு மணி நேரம் டப்பாவில் தேடியிருக்கிறான். திருப்பியது நான் ஒருத்தன்தான். வடிவேலுவின் தோள் என் பத்து நிமிஷம்.

மூன்றாவது முடிவு. நான் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் மகேஷ் படகைத் தள்ளி ஏறுகிறான், கயிற்றை இழுக்கிறான், முதல் இழுப்பிலேயே

இதை முடிக்கமாட்டேன்.

9

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். பையில் புதுத் தகடு நாலு, ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், காலையில் வாங்கின புதுச் சிவப்புப் பாட்டில். அங்காளம்மா வீட்டு வாசலில் என்ஜினை மரச் சட்டத்தில் நிறுத்தியிருந்தார்கள். மகேஷ் துடைத்துக்கொண்டிருந்தான்.

சர்வீஸ் பண்ண வந்தேன் என்றேன். அங்காளம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாய்யா, நாயித்துக்கெயமையும் அதுவுமா? நாங்க கூப்ட்டா ஒரு வாரம் இய்க்கிற ஆளுங்க நீங்க. கூப்டாமயே வந்துகிற. இன்னா பண்ணி வச்சிகிற இதுல?"

இந்தக் கதையில் என்னை முதலில் சரியாகப் படித்தவர் அவர்தான். எழுத்துத் தெரியாதவர்.

சொன்னேன். தகடு, திருப்பினது, பச்சை, எல்லாம். மகேஷ் துடைப்பதை நிறுத்திவிட்டான். அங்காளம்மா முகம் இறுகிப் போனது.

"இத்த நம்பியா எங்கூட்டுப் பையன் கடலுக்குப் போய்கினு இருந்தான்?"

"தெரியலம்மா. இதுவா, வடிவேலோடதான்னு தெரியல. அதுக்குத்தான் வந்தேன்."

"தெரியலன்னா அன்னிக்கே வந்து கயட்டணும். எட்டு மாசம் கயிச்சி வந்து தெரியலன்றான்."

கார்புரேட்டரைக் கழற்றினேன். நாலு போல்ட்டைத் தளர்த்தி பிளாக்கை வெளியே இழுத்தேன். வலை நூல் போன இடம் தெரியவில்லை, ஸ்க்ரூவில் பச்சைப் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன்.

அங்கே கை நின்றது.

காரணம் இதுதான். பயத்தில் நிற்கவில்லை. இரண்டு கோட்டைப் பார்த்துவிட்டால் நான் லாசரஸ் சாரிடம் போகமாட்டேன். காலேபும் திருப்பினவன்தானே, அவனுக்கு நடந்தது சரிதான் என்று பஸ் ஏறிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். பச்சைப் பாட்டில் அவனுடையது, பொட்டு நான் வைத்தது. அவன் திருப்பியிருந்தாலும் திருப்பாவிட்டாலும், அதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் தகட்டின் தயவு எதற்கு?

மகேஷிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, நீயே கழற்று என்றேன். கோடு எப்படி இருக்கும், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"இன்னாடா இது, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாரி மூஞ்ச திருப்பிக்கினான்" என்றார் அங்காளம்மா. குரலில் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

எட்டு ஸ்க்ரூ. ஒவ்வொன்றாகத் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. இரண்டு பேரும் தகட்டை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது.

"தெரிஞ்சிபோச்சி" என்றார் அங்காளம்மா. "சொல்லட்டா, வேணாவா?"

"வேணாம்மா."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நாளைக்கி சார்கிட்ட சொல்லிட்டு வந்து கேக்கறேன்."

ஏதோ ஒரு தாளைக் கிழிக்கிற சத்தம். தகடு நாலையும் அதில் மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். மீன் வாடை அடிக்கிற கை. அதற்கப்புறம்தான் திரும்பினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மகேஷ் முகத்தையும் பார்க்கவில்லை. முகத்தில் படித்துவிடுவேன்.

புதுத் தகடு நாலையும் போட்டு இறுக்கினேன். இவை மூலை வெட்டினவை. சிவப்புப் பொட்டு வைத்தேன். மாட்டி, டிரம்மில் தண்ணீர் பிடித்து என்ஜினை அதில் இறக்கி ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. முதல் இழுப்பில் ஆகாததில் எனக்கு ஒரு திருப்தி.

வடிவேலு வீடு நாலு வீடு தள்ளி என்று மகேஷ் காட்டினான். வாசலில் ஒரு ஆள் இடது கையால் வலையைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். சாரிடம் சொல்லிவிட்டு அங்கேயும் வர வேண்டும். சாரிடம் சொல்லாமல் அங்கே போனால், அது வெறும் நலம் விசாரிப்பு.

10

இப்போது திங்கட்கிழமை காலை. மகேஷ் போன் பண்ணினான். போய்த் திரும்பிவிட்டோம், என்ஜின் நன்றாக இழுக்கிறது என்றான். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கட் பண்ணிவிட்டேன்.

பட்டறைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். (இந்தத் தரம் உண்மையிலேயே டீ.) சாரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் எழுதிப் பார்த்தேன். "சார், அந்த ரெண்டு பிளாக்ல ஒண்ணு நான் போட்டது. பச்சை காலேபோடது, வச்சது நான். நான் திருப்பினேன்." இதில் காலேப் திருப்பினானா இல்லையா என்பது வரவே இல்லை. அதைச் சேர்க்கிற இடம் இருக்கிறதா என்று வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சந்து விழவில்லை.

டீச்சர், இதைப் புத்தகத்தில் சேர்ப்பீர்களோ என்னவோ. கடைசித் தாளோடு அந்தப் பொட்டலத்தைப் பின் குத்தியிருக்கிறேன். உள்ளே அங்காளம்மா படகின் தகடு நாலு. பக்கத்தில் சிகரெட் அட்டைக்குள் வடிவேலு படகின் தகடு ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் கோடு தெரியும். படிக்கிற மற்றவர்களும் வாங்கிப் பார்க்கலாம். விரலை வெட்டும், ஓரத்தைப் பிடிக்காதீர்கள்.

லாசரஸ் சார் வண்டி திரும்புகிறது. ஷட்டரை அவர்தான் தூக்குவார், இரண்டு நிமிஷம் ஆகும்.

நான் உள்ளே போகிறவரைக்கும் பொறுங்கள். அப்புறம் திருப்பிப் பாருங்கள்.